ரோட்டு மட்டத்து வீடு

"அறுபத்தெட்டு" என்றான் துஷாந்த்.

வீரய்யாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பூண்டுலோயா பஸ் ஒன்று இரைந்துகொண்டு வாசலைக் கடந்து ஏறியது. அது வளைவு திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு, "என்னா சொன்ன தம்பி?" என்று கேட்டார்.

"அறுபத்தெட்டு லட்சம் அண்ணே. வாங்கிற ஆள் ரெடி. நீங்க சரின்னா வார சனிக்கெழமயே வீட்டப் பாக்கக் கூட்டிட்டு வந்துருவேன்."

குசினியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த இராஜகுமாரியின் கை நின்றது. எட்டு வருசத்துக்கு முன்னால் பதினாலு லட்சத்துக்கு வாங்கிய வீடு. ஐந்து பேர்ச் நிலம், இரண்டு அறை, ஒரு ஹோல், பின்னால் கல் வைத்து தகரம் போட்ட குசினி. அவ்வளவுதான்.

"வெளையாடாத தம்பி. இத வாங்கையிலயே வெல கூடன்னு ஊரே சிரிச்சிச்சு."

"அது அப்ப. நவம்பர் மழைக்கு முந்தி நீங்க வித்திருந்தாக்கூட இருபத்தஞ்சத் தாண்டியிருக்காது. இப்ப மேட்டு வீட்டுக்கு வெலயே இல்ல அண்ணே. சும்மா குடுத்தாலும் யாரும் ஏற மாட்டாங்க. ரோட்டு மட்டத்துல, உறுதிப் பத்திரத்தோட இருக்கிற வீடு தலவாக்கலைக்கும் பூண்டுலோயாவுக்கும் நடுவுல எத்தன இருக்கும்ங்கிறீங்க? வெரல் விட்டு எண்ணிறலாம்."

துஷாந்த் போன வருசம்வரை பஸ் ஸ்டாண்டில் போன் கடை வைத்திருந்தவன். மழைக்குப் பிறகு வீடு, நிலம் பேசிக் கொடுக்கும் தரகனாகிவிட்டான். அவன் ஆட்டோவில் ஏறிப் போன பிறகும் வீரய்யா அதே நாற்காலியில் இருந்தார். முன்னால் வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிப் போயிருந்தது.

"அவன் சொல்றது மெய்யாங்க?" என்று கேட்டுக்கொண்டே இராஜகுமாரி மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"தெரியலயே" என்றார் வீரய்யா. அவருடைய முகத்தில் சந்தோசம் இல்லை. அடி வாங்கிய ஆள் மாதிரி இருந்தார்.

வீரய்யாவுக்கு ஐம்பத்து நாலு வயது. தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் இருபத்தாறு வருசமாகக் கொழுந்து அரைக்கும் மிசினில் நிற்கிறார். இராஜகுமாரி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். மகன் கிஷாந்துக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவனை வீரய்யாவிடம் விட்டுவிட்டு குவைத்துக்குப் போய், நாலு வருசம் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். அந்த நாலு வருசமும், வீரய்யா சீட்டுப் பிடித்துச் சேர்த்ததும் சேர்ந்துதான் இந்த வீடு. வாங்கினார்களே தவிரக் குடியேறவில்லை. தோட்டத்து வரிசை வீடான மேல்கணக்கு லயத்தில் இருந்தால் காலையில் பெரட்டுக்கு ஐந்து நிமிசத்தில் போய்ப் பெயர் கொடுத்துவிடலாம். வீட்டை ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியாருக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகையில் கிஷாந்த் படித்தான். இப்போது கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான்.

நவம்பரில் நாலு நாள் விடாமல் பெய்த மழையில் மேல்கணக்கு லயத்தின் பின்னால் மலை சரிந்து கடைசி நாலு காம்பரா வீட்டையும் மூடியது. எல்லாரும் அதற்கு முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருந்ததால் உயிர் தப்பினார்கள். மழை விட்டதும் மற்றப் பதினாலு குடும்பத்தை விளையாட்டு மைதானத்தில் தகரக் கொட்டில் போட்டு விட்டார்கள். போக்கிடம் இருந்தது வீரய்யா வீட்டுக்கு மட்டும்தான். வாத்தியார் டிசம்பரில் மாற்றம் கிடைத்து ஊருக்குப் போக, அதுவரை பள்ளிக்கூடத்திலேயே தங்கியிருந்த இவர்கள் இரண்டு பேரும் சட்டி பானையோடு ரோட்டு மட்டத்து வீட்டுக்கு இறங்கினார்கள்.

விலைச் செய்தி அவர்களுக்கு முந்தி மலைக்கு ஏறிவிட்டது. மறுநாள் பத்தாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும்போது, பக்கத்து நிரையில் நின்ற அழகம்மா கையை நிறுத்தாமலே பேச்சை ஆரம்பித்தாள். அவள் கொட்டிலில் இருப்பவள்.

"அறுபத்தெட்டாமே?"

"அப்பிடித்தான் சொல்றான்."

"அந்த வீட்டுக்கா? குசினில நிமிந்து நிக்க முடியாதே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அழகம்மா இரண்டு செடி தள்ளிப் போனபிறகு திரும்பினாள். "நான் இந்த மலையில முப்பது வருசம் எடுத்திருக்கேன் ராசு. எல்லாத்தையும் சேத்தாலும் அத்தன லட்சம் என் கண்ணுல பட்டிருக்காது. நீங்க சும்மா உக்காந்திருக்கையில வந்து கதவத் தட்டுது."

அதில் பொறாமை இருந்ததா என்று இராஜகுமாரிக்குச் சொல்லத் தெரியவில்லை. அதிசயப்பட்டு நின்ற முகமாகத்தான் இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

கிஷாந்த் போனில் ஒரே பிடியாக நின்றான். "விப்போம்மா. கொட்டகலைப் பக்கம் நல்ல காணி இருக்கு. நாப்பதுக்குள்ள சின்னதா ஒரு வீடு கட்டலாம். மிச்சத்துல நான் ஒரு கட போட்டுக்கிறேன். இந்த வெல இன்னும் ஆறு மாசம் நிக்காது. சனம் மழய மறந்துரும்."

வெடிப்பை அவள் கண்டது அதற்கு இரண்டு நாள் கழித்து. தை பிறந்தும் மழை முழுதாக விடவில்லை. காலையில் கேஸ் சிலிண்டரை நகர்த்திக் கூட்டும்போது குசினிச் சுவரில் தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு ஒரு கோடு ஏறியிருந்தது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை வைத்துப் பார்த்தாள். உள்ளே போயிற்று. பின் கதவைத் திறக்கத் தோளால் தள்ள வேண்டியிருந்தது. வெளியே கான் வாய்க்காலில் ஓடிய தண்ணீர் மண் கரைந்து சிவந்திருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு மண்மேடு. அதற்கு மேல் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை. வீரய்யா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்துப் படியால் மேலே ஏறினார். அவள் கீழே நின்று பார்த்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அவர் குனிந்தார், நிமிர்ந்தார், பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நடந்தார், திரும்பவும் குனிந்தார். இறங்கி வந்து பைப்பில் வெகுநேரம் கால் கழுவினார்.

"என்னாங்க இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. எலி வங்கு."

அன்றைக்கு அவள் வேலை முடித்து வந்தபோது வீட்டுக்குள் பெயின்ட் மணம் அடித்தது. வீரய்யா ஸ்டோருக்குப் போகவில்லை. குசினிச் சுவரில் கோடு இருந்த இடம் சிமெந்து பூசி, மேலே இளம் பச்சை அடித்திருந்தது. அந்த ஒரு சுவர் மட்டும் புதிதாகத் தெரியக்கூடாதென்று நாலு சுவரும் அடித்திருந்தார். பின் கதவின் விளிம்பைச் சீவி, இலேசாகத் திறக்கும்படி செய்திருந்தார்.

இராஜகுமாரி ஒன்றும் கேட்காமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு மேட்டில் ஏறினாள். செடிகளுக்கு நடுவில் மானாப்புல் வெட்டிப் பரப்பியிருந்தது. காலால் ஒதுக்கினாள். நிலம் பிளந்திருந்தது. ஐந்து விரலும் மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. புல்லை ஒதுக்கிக்கொண்டே போனாள். வீட்டின் ஒரு மூலைக்கு நேரே தொடங்கி மற்ற மூலையையும் தாண்டிப் போயிருந்தது அந்தப் பிளவு. நவம்பரில் லயத்துக்குப் பின்னாலும் முதலில் இப்படி ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியது வீரய்யாதான்.

ஓரத்துப் படியால் இறங்கினாள். நிலம் பிளந்தது கூட அவளை அவ்வளவு உலுக்கவில்லை. அந்தப் புல்லை அறுத்து, அளவாகப் பரப்பி, மேலே இரண்டு காய்ந்த மிலாறுக் குச்சியையும் போட்ட கையை நினைக்க நினைக்கத்தான் உடம்பு கூசியது. இருபத்தெட்டு வருசம் கூட வாழ்ந்த மனிதன். ஸ்டோரிலிருந்து ஒரு பிடி தூள் எடுத்து வந்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் ரொட்டியும் கட்டச்சம்பலும் எடுத்து வைத்தாள்.

"மேல புல்ல வெட்டிப் போட்டது யாரு?"

"நான்தான்."

"எலி வங்குக்கா?"

அவர் பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். "நாலு வருசம் நீ அடுத்தவன் கக்கூஸ் கழுவுன காசு புள்ள. நீ போன் பண்றப்பல்லாம் கிஷாந்த் போன வாங்கி காதுல வச்சிக்கிட்டு பேசாம நிப்பான். அந்த நாலு வருசம் ஒரு சதத்துக்கும் ஒதவாமப் போறத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"அதுக்கு?"

"வாங்கிறவன் வாங்கிட்டு கொங்கிறீட்டுல செவுரு கட்டிக்கிருவான். அறுபத்தெட்டு லட்சம் குடுக்கிறவனுக்கு அது ஒரு செலவா? கொழும்புக்காரனா இருப்பான். வெள்ளக்காரனுக்கு வாடகைக்கு விடுவான். வீடு விழுந்தா அவனுக்கு வீடு போகும், அவ்வளவுதான். நமக்கு விழுந்தா எல்லாம் போகும்."

"இப்ப நாம இதுக்குள்ள படுக்கிறோமேங்க."

"அதான் சீக்கிரம் விக்கணும்ங்கிறேன்."

வாங்க வருவது காசுக்காரன் என்று அவர் சொன்னதில் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அதை அவள் பிற்பாடு மறுக்கவில்லை.

சனிக்கிழமை துஷாந்தின் ஆட்டோவிலிருந்து இறங்கியது கொழும்புக்காரன் இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கழுத்தில் ஒன்றுமில்லாமல், யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். கூட இருபது வயதில் ஒரு மகள். லெட்சுமி, ஜெயந்தினி என்று துஷாந்த் பெயர் சொன்னான். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆட்கள்.

வீரய்யா வாசலில் நின்றபடியே இருந்தார். உள்ளே வாங்க என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இராஜகுமாரிதான் சொன்னாள். ஆனால் லெட்சுமி முன்கதவால் உள்ளே வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போய், மண்மேட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னாலயும் இவ்வளவு ஒயரந்தான்" என்றாள். "நானும் இவளும் கடைக்குப் போயிருந்தோம். அவருக்குக் காய்ச்சல். உள்ளுக்குப் படுத்திருந்தாரு. ரெண்டு நாள் தோண்டினாங்க."

லெட்சுமி வீரய்யாவின் பக்கம் திரும்பினாள்.

"நட்ட ஈட்டுக் காசு, அவரோட சேமலாபக் காசு, கட்டார்ல இருக்கிற தம்பி பட்ட கடன், எல்லாத்தையும் சேத்துத்தான் இந்த வெலைக்கு வந்து நிக்கிறோம் ஐயா. கொறச்சிக் கேக்கல. நீங்களும் கஷ்டப்பட்டவங்கன்னு இந்தத் துஷாந்த் தம்பி சொல்லிச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறேன். இந்த மேட்டுல தண்ணி ஊறுமா? வெடிப்பு கிடிப்பு ஏதும் இருக்கா?"

வீரய்யா மேட்டைப் பார்த்தார். "எட்டு வருசமா இருக்கு" என்றார். பிறகு, "ஒண்ணும் இல்லீங்க."

"மண்சரிவு ஆபீசுல இருந்து வந்து பாத்துட்டும் போயிட்டாங்க அக்கா. ஆபத்துன்னு இந்த வரிசைக்கு செவப்பு அடிக்கல" என்றான் துஷாந்த்.

இராஜகுமாரி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பின் கதவருகில் நின்ற வீரய்யா பார்த்திருக்க, ஜெயந்தினி குசினிக்குள் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "இப்பத்தான் பெயின்ட் அடிச்சீங்களா அத்த?"

"பொங்கலுக்கு" என்றாள் இராஜகுமாரி.

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து அவ்வளவு லேசாக வந்து விழுந்தது. கையிலிருந்த கேத்தலை வைக்க இடம் தேடினாள். அந்தப் பெண் சிரித்தாள். "கலரு நல்லா இருக்கு. அம்மாவுக்குப் பச்சதான் புடிக்கும்."

அவர்கள் போன பிறகு வீரய்யா, "வாங்கிறது இவங்கதான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"இப்பத் தெரியுமே."

"எட்டு வருசம் நின்ன மேடு. இன்னும் நிக்கும்."

"நீங்க லயத்துல நின்னு சத்தம் போட்டப்ப இப்பிடிச் சொல்லலயே. அன்னைக்கு, அறுபது வருசம் நின்ன மலை, இன்னும் நிக்கும்னு கங்காணி சொன்னாரு. நீங்கதான் கேக்கல."

வீரய்யா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த இரண்டு நாளும் இருவரும் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. திங்கட்கிழமை மலையில் அவள் எடுத்த கொழுந்து குறைந்துபோய் கணக்கப்பிள்ளையிடம் பேச்சு வாங்கினாள். மனசு வேலையில் இல்லை. அந்தப் பெண் குசினியில் எங்கே நின்று சமைப்பாள் என்பதே திரும்பத் திரும்ப வந்தது. சிலிண்டர் அந்தச் சுவரோரம்தான். அடுப்பும் அங்கேதான். வேறு இடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தலவாக்கலை டவுனில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நொத்தாரிசு ஆபீசில் எல்லாரும் கூடினார்கள். அட்வான்ஸ் கொடுத்து உடன்படிக்கை எழுதும் நாள். நொத்தாரிசு சிங்களத்தில் வாசித்ததைத் துஷாந்த் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசியில் நொத்தாரிசு பேனையை லெட்சுமியின் பக்கம் நீட்டினார். லெட்சுமி சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினாள்.

"போடாதீங்க" என்றாள் இராஜகுமாரி.

அவளுடைய குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளே நினைக்கவில்லை. ஜன்னலோரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கூடத் திரும்பினாள்.

"மேட்டுல வெடிச்சிருக்கு. வீட்டு நீளத்துக்கு இருக்கு. குசினிச் செவுத்துலயும் இருக்கு. பூசி மறச்சிருக்கோம்."

துஷாந்த் ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தான். "அக்காவுக்கு வீட்ட விட்டுப் போக மனசு வரல. அதான் ஏதோ..." வீரய்யா தலையை நிமிர்த்தவில்லை. அதைப் பார்த்ததும் துஷாந்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

லெட்சுமி பேனையை மேசையில் வைத்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று இராஜகுமாரி எதிர்பார்த்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"நாங்க வந்தன்னைக்கே தெரியுமா?" என்றாள் லெட்சுமி.

"தெரியும்."

"தேத்தண்ணி ஊத்திக் குடுத்தீங்களே, அப்பவுமா?"

"அப்பவும் தெரியும்."

லெட்சுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வீரய்யா அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார். பிறகு அவரும் இறங்கிப் போனார். மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

படியடியில் துஷாந்த் அவளைப் பிடித்துக்கொண்டான். "என்னா வேல பாத்தீங்க அக்கா? நீங்க சொல்லலன்னா யாருக்குத் தெரியப் போகுது? இப்ப அந்த வரிசையில ஒரு வீடு விக்க முடியாது. உங்க வீட்டுக் கதவு ஜன்னல் தகரத்த வேணும்னா கழட்டி விக்கலாம். அவ்வளவுதான் இனி அதோட வெல."

அவன் சொன்னதுதான் நடந்தது. அந்த வாரமே செய்தி தெரிந்து மண்சரிவு பார்க்கும் ஆபீசர்கள் கிராம சேவகரோடு வந்தார்கள். மேலே ஏறி அளந்தார்கள். இறங்கி வந்த பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இனி ஒரு நாளும் இங்கே தங்கக் கூடாது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். கதவில் சிவப்புக் கடதாசி ஒட்டினார்கள். பக்கத்து இரண்டு வீட்டுக்கும் ஒட்டினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் ரோட்டில் நின்றுகொண்டு இராஜகுமாரியைப் பார்த்த பார்வையில் வாயடைத்துப்போன திகைப்புத்தான் இருந்தது. காலையில் அவர்கள் வீட்டுக்கும் அறுபது எழுபது என்று விலை இருந்தது. மத்தியானம் ஒன்றும் இல்லை.

கிஷாந்த் போனில், "யார்ட்டக் கேட்டுச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான். பிறகு இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

மைதானத்தில் பதினைந்தாவது கொட்டில் போட்டார்கள். சாமான் தூக்க அழகம்மாவும் அவள் மகனும் வந்தார்கள். "நாங்கதான் போக்கிடம் இல்லாம இருக்கோம். நீயா வந்து மாட்டிக்கிட்டியே" என்றாள் அழகம்மா. ஆனால் அன்றைக்குச் சோறு அவள்தான் ஆக்கிக் கொடுத்தாள்.

வீடு விழவில்லை. மாசி போனது, பங்குனி போனது, வீடு அப்படியே நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். "நல்லாத்தான் நிக்குது. அவசரப்பட்டுட்டா." ஸ்டோரில் வீரய்யாவிடம் நேராகவே கேட்டார்கள். கொட்டிலுக்கு வந்தால் அவர் ரேடியோவைத் திருகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இராஜகுமாரிக்கும் சில நாள் தோன்றும், நின்றுவிடப் போகிறதோ, பத்து வருசம் நின்றுவிடப் போகிறதோ என்று. நிற்கட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை, விழட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை.

ஒரு முறை தலவாக்கலை பஸ்ஸில் லெட்சுமியைக் கண்டாள். டவுனுக்குள் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையோடு ஒரு இடம் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். லெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பேசவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். இறங்கும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வெளியே போன வீரய்யா மத்தியானம் தொப்பல் தொப்பலாக நனைந்து வந்து கொட்டில் வாசலில் நின்றார்.

"எங்க போனீங்க இந்த மழையில?"

"கீழ. வீட்டுக்கு."

"உள்ளுக்கா போனீங்க?"

"ம்."

"நிக்குதா?"

"நிக்குது."

பாத்தியா, நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். ஐந்து மாதமாக அதற்குத்தான் காத்திருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே பிழிந்தார்.

"பின் கதவு தொறக்கல. முன்னால போய் குசினில நின்னேன். மழ மேட்டுல எறங்குற சத்தம் உள்ளுக்குக் கேக்குது. ஒரு மணி நேரம் நின்னு பாப்போம், நின்னுட்டா ஏன் அன்னைக்கு அப்பிடிச் சொன்னேன்னு உன்கிட்ட வந்து கேப்போம்னுதான் போனேன்." பிழிந்த சட்டையை உதறினார். "அஞ்சு நிமிசம் நிக்க முடியல புள்ள. கதவக்கூடச் சாத்தாம ஓடி வந்துட்டேன்."

அவள் கயிற்றிலிருந்து துவாயை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் தலையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் துவாயை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"அந்தப் புள்ள செவுத்துல கைய வச்சிச்சே" என்றார் துவாய்க்குள்ளிருந்து.

"ஆமா."

தகரத்தில் மழை அடித்தது. அவள் பானையைத் திறந்து பார்த்தாள். சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது. இரண்டு தட்டு எடுத்துப் போட்டாள்.